அப்பா செய்த ஹார்ப்

கேள்வி: பிரெட்டன் ஹார்ப் கலைஞர் அலான் ஸ்டிவெல்லின் பழைய ஆல்பம் ஒன்றுக்கு ‘செல்டிக் ஹார்ப்பின் மறுமலர்ச்சி’ என்று பெயர். அப்படியென்றால் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் இந்த வாத்தியம் நடுவில் அழிந்துபோயிருந்ததா? ஆர்க்கெஸ்ட்ராவில் பார்க்கும் பெரிய ஹார்ப்தானே இதுவும்?

பதில்: அழிந்தேதான் போயிருந்தது. இடைக்காலத்தில் பிரபுக்களின் அவையில் ஒலித்த ஹார்ப், அந்த ஆதரவு போனதும் மறைந்துவிட்டது. கிராமத்து ஆட்டத்துக்கு பொம்பார்டும் (நம் நாகஸ்வரம் மாதிரி இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது) பினியு என்கிற பைவாத்தியமும் போதுமாக இருந்தன. அதனால் 20ஆம் நூற்றாண்டில், பாட்டன் வாசித்ததைப் பேரனுக்குச் சொல்லித்தர ஆளே கிடையாது.

ஸ்டிவெல்லின் அப்பா ஜோர்ட் கொஷ்வெலு பாரிஸில் வாழ்ந்த பிரெட்டன்காரர். ஹார்ப் செய்வது அவருக்குத் தொழில் அல்ல, வெறி. 1953-ல் தன் கையாலேயே ஒன்றைச் செய்து முடித்தார். பையனுக்கு அப்போது வயது 9. பாடம் சொல்லித்தந்த டெனீஸ் மெஜவாந் மேற்கத்திய சாஸ்திரிய இசையில் தேர்ந்த ஹார்ப் கலைஞர். என்னைக் கேட்டால், இதை மறுமலர்ச்சி என்பதைவிட மறுபடைப்பு என்பதே சரி. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பெரிய ஹார்ப்பில் 47 தந்திகள், 7 பெடல்கள். அரை ஸ்வரம் ஏற்ற காலால் மிதிக்க வேண்டும். செல்டிக் ஹார்ப் சிறியது, பெடல் கிடையாது. ஒவ்வொரு தந்தியின் தலைப்பிலும் ஒரு குட்டி நெம்புகோல். வாசிக்கும்போதே இடது கை ஒரு கணம் தந்தியை விட்டு மேலே போய் அதைத் தட்டிவிட்டுத் திரும்பும். ஸ்டிவெல் பின்னாளில் பழைய அயர்லாந்து வழக்கப்படி உலோகத் தந்திக்கும் மாறினார். உலோகத் தந்தியின் நாதம் எளிதில் அடங்காது. மீட்டிய விரலே திரும்ப வந்து அதை அமுக்காவிட்டால் அடுத்த ஸ்வரத்தோடு குழம்பிவிடும்.

நீங்கள் சொல்லும் ஆல்பம் 1971-ல் பதிவானது. அடுத்த பிப்ரவரியில் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ் சகிதம் அவர் வாசித்த கச்சேரி வானொலியில் நேரடியாகப் போனது. ஹார்ப்பை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது அந்த ராத்திரிதான்.

ஆல்பத்தை முதல் பாட்டு ‘ஈஸ்’ஸிலிருந்தே கேளுங்கள். கடலில் மூழ்கிய நகரத்தின் கதை அது. முதலில் அலைச் சத்தம்தான் வரும், ஹார்ப் அதற்குள்ளிருந்து மெல்ல எழும்பும்.