புள்ளிப் பூனை வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு

மல்லசமுத்திரம் பக்கத்துப் பிள்ளைகள் செல்போனில் பெங்கால் பூனைப் படத்தைக் காட்டி, "இதை வாங்கலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். வாங்கலாம் கண்ணு. சிறுத்தை மாதிரி இருப்பது தோல் மட்டும்தான். உள்ளே இருப்பது மனிதத் துணையை நாடும் வீட்டுப் பூனை. அதைப் புரிந்துகொண்டு வாங்குங்கள்.

1. பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசியாவின் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் இணைத்து உருவாக்கிய இனம் இது. அமெரிக்காவின் ஜீன் மில் என்ற பெண்மணி 1960-களில் தொடங்கி, 1980-களில் மீண்டும் முனைந்து வளர்த்தெடுத்தார். டெல்லி உயிரியல் பூங்காவில் திரிந்த புள்ளிப் பூனை ஒன்றும் அந்த வம்சத்தில் சேர்ந்தது.

2. எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். முதல் மூன்று தலைமுறைக் குட்டிகளுக்கு மிரட்சி அதிகம். புதியவர்களால் சமாளிக்க முடியாது. நான்கைத் தாண்டியதையே வாங்குங்கள்.

3. காட்டுக் குட்டியை எடுத்துவராதீர்கள். கரும்பு வெட்டும்போதோ வேலி ஓரத்திலோ புள்ளிக் குட்டி கண்ணில் பட்டால் அது துரும்பன் பூனையாக இருக்கலாம். முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ அளவுதான். அதுவும் சிறுத்தைப் பூனையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, வளர்ப்பது குற்றம். குட்டியைத் தொடாமல் விலகி நில்லுங்கள், தாய் வந்து தூக்கிப் போகும். வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

4. தாய்ப் பூனையை நேரில் பாருங்கள். மூன்று மாதம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தரையில் ஒரு கயிற்றை இழுத்துப் பாருங்கள்: நல்ல குட்டி பின்னாலேயே பாய்ந்து வரும், கண்ணில் பீளை இருக்காது, வால் அடி சுத்தமாக இருக்கும். இந்த இனத்தில் பரம்பரையாக ரத்தசோகையும் பார்வைக் குறையும் வருவதுண்டு. பெற்றோரின் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள்.

5. தயிர்ச்சோற்றில் வளர்க்காதீர்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும். அது பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. குறைந்தால் இதயமும் கண்ணும் கெடும். முழுச் சத்துள்ள பூனைத் தீவனத்தோடு வேகவைத்த கோழிக்கறி கொடுங்கள். பால் பல பூனைகளுக்குக் கழிச்சல் தரும்.

6. வேலை கொடுங்கள். சும்மா இருந்தால் திரைச்சீலையைக் கிழிக்கும். சுவரில் உயரமாகப் பலகை அடியுங்கள், காலையும் மாலையும் கூட விளையாடுங்கள். ஒரு குண்டாவில் தண்ணீர் வைத்துப் பாருங்கள்: முன்காலை நனைத்து, உதறி, மறுபடி நனைக்கும். பெங்காலுக்குத் தண்ணீர் பிடிக்கும்.

7. வெளியே விடாதீர்கள். தெருநாயும் வண்டியும் அதற்கு ஆபத்து. பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு அதுவே ஆபத்து. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். ஆறு மாத வாக்கில் கருத்தடை செய்யுங்கள். கண்ட இடத்தில் சிறுநீர் பீய்ச்சுவது பெரும்பாலும் குறையும்.

8. மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு மற்ற தடுப்பூசிகளையும் காலத்தில் போடுங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

9. வீட்டாரைக் கலந்து பேசுங்கள். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு கூட இருக்கப்போகிற உயிர் இது. நீங்கள் படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.