குளூட்டன் இல்லா உணவு: வீட்டிலும் வெளியிலும் நிம்மதியாகச் சாப்பிட

“மூன்று வேளையும் சோறும் தோசையும் சாப்பிடுகிற வீடு இது. இங்கே குளூட்டன் எங்கிருந்து வந்தது?”

குடும்பத்தில் ஒருவருக்குச் செலியாக் நோய் இருப்பது தெரியவந்ததும் இப்படிக் கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். அரிசியிலும் உளுந்திலும் கேழ்வரகிலும் குளூட்டன் இல்லை. ஆனால், சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தில் அது இருக்கலாம். சைனாடவுனில் வாங்கும் அரிசி நூடல்ஸின் சோயா சாஸிலும் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியும் கோதுமையைத் தவிர்ப்பது எளிது. மறைந்திருக்கும் கோதுமையைக் கண்டுபிடிக்கவும், தயங்காமல் கேட்கவும் பழக வேண்டும். அதற்கு இந்தக் கையேடு உதவும்.

குளூட்டன் என்றால் என்ன?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவைக் கிழியாமல் வீசி விரிக்க முடிவதற்கு இந்தப் புரதமே காரணம். ஆட்டா, மைதா, ரவை, சேமியா, மஞ்சள் மீ, ரொட்டி ஆகிய அனைத்தும் கோதுமையில் செய்யப்படுபவை.

செலியாக் நோய் உள்ளவர் குளூட்டனைச் சாப்பிடும்போது, உடலின் நோய் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. இதனால் உணவில் உள்ள சத்துகள் உடலில் சேர்வதில்லை. இந்த அறிகுறிகள் தோன்றலாம்:

• அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், வயிற்றுவலி
• இரும்புச்சத்துக் குறைவால் ஏற்படும் இரத்தசோகை, தீராத களைப்பு
• காரணம் தெரியாத எடை குறைவு
• பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு

சிலருக்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் எலும்புகள் பலவீனமடையக்கூடும்.

உலக அளவில் சுமார் 100 பேரில் ஒருவருக்குச் செலியாக் நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. கோதுமை அதிகம் உண்ணும் வட இந்தியாவைவிட, அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் இது மிகவும் குறைவு. அரிதாக இருப்பதாலேயே, “வாயுத் தொல்லைதான்” என்று பல ஆண்டுகள் கவனிக்காமல் இருந்துவிடும் வாய்ப்பும் உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

கோதுமை ஒவ்வாமை வேறு வகையானது. அதில் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் ஏற்படலாம். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 995ஐ அழையுங்கள்.

முதலில் பரிசோதனை, பிறகு உணவு மாற்றம்

சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். செலியாக் நோயை உறுதிப்படுத்த இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் உள்நோக்கிக் கருவி மூலம் சிறுகுடல் திசுப் பரிசோதனையும் செய்யப்படும். குளூட்டனை முன்கூட்டியே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.

செலியாக் நோய்க்கு உணவே மருந்து. இதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் வில்லம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் ரொட்டிக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. கோதுமை கிடைக்காத காலத்தில் செலியாக் நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மீண்டும் நோயுற்றார்கள். கோதுமையின் தீங்கை அவர் 1950இல் தமது ஆய்வேட்டில் விளக்கினார். இன்றும் குளூட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதே இதற்கான சிகிச்சை.

செலியாக் நோயோ கோதுமை ஒவ்வாமையோ இல்லாதவர்கள், உடல் இளைப்பதற்காகக் குளூட்டனைக் கைவிடத் தேவையில்லை. முழுக்கோதுமையில் கிடைக்கும் நார்ச்சத்தை அவர்கள் வீணாக இழக்க நேரிடும்.

வீட்டில் சமைக்கும்போது

தாராளமாகச் சாப்பிடக்கூடியவை: அரிசி, அவல், கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, சோளம், பருப்பு வகைகள், காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, பால், தயிர், ஜவ்வரிசி. வீட்டில் அரைத்த மாவில் செய்த இட்லி, தோசை, ஆப்பம், புட்டு, அரிசிமாவு இடியாப்பம் ஆகியவை நம் வீட்டிலேயே இருக்கும் குளூட்டன் இல்லா உணவுகள். இவற்றுக்காக விலை உயர்ந்த சிறப்புப் பொருள்களை வாங்க வேண்டியதில்லை.

தவிர்க்க வேண்டியவை: சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவை உப்புமா, ரவா தோசை, கேசரி, சேமியா பாயசம், சமோசா, பிஸ்கட், கேக்.

விசாரித்து வாங்க வேண்டியவை:

• பெருங்காயம்: கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி மாவு கலந்த வகையைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பூண்டும் சீரகமும் தாளித்து ரசம் வைக்கலாம்.
• மசாலாத் தூள்: சாம்பார்ப் பொடி, கறித்தூள் பொட்டலங்களில் சேர்பொருள் பட்டியலைப் பாருங்கள். பெருங்காயம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.
• மால்ட் பானங்கள்: மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து எடுக்கப்படுகிறது.
• ஓட்ஸ்: பயிரிடும்போதும் அரைக்கும்போதும் கோதுமை கலந்துவிடலாம். ‘குளூட்டன் இல்லை’ என்று குறிக்கப்பட்ட ஓட்ஸாக இருந்தாலும், மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்ட பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் விற்கப்படும் பொட்டல உணவுகளில் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் போன்ற குளூட்டன் தானியங்கள் இருந்தால், அதை லேபிளில் குறிப்பிட வேண்டும். ‘குளூட்டன் இல்லை’ என்ற குறிப்புக்கு, ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது அனைத்துலக உணவுத் தரநிலை.

ஒரே சமையலறையில் சப்பாத்தியும் தோசையும்

வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிடலாம். ஆனால், கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறு ரொட்டித் துணுக்குகூடச் செலியாக் நோயாளிக்குக் கெடுதல் செய்யும்.

• குளூட்டன் இல்லா உணவை முதலில் சமைத்து, மூடி வையுங்கள். சப்பாத்தி மாவைப் பிறகு பிசையுங்கள்.
• தோசைக்கல், மரக்கரண்டி, சல்லடை, ரொட்டி வாட்டும் கருவி ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.
• பூரி, சமோசா பொரித்த எண்ணெயில் உளுந்து வடையோ அப்பளமோ பொரிக்காதீர்கள். தீபாவளிப் பலகாரம் செய்யும் நாளில் இதை மறந்துவிடுவது எளிது.
• ரொட்டியில் தடவிய கத்தியை மீண்டும் வெண்ணெய் டப்பாவில் விடாதீர்கள்.

நீரிழிவும் இருந்தால்

நீரிழிவு உள்ள பெரியவர்கள் பலர் இரவில் சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குச் செலியாக் நோயும் இருந்தால் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். அதற்காக வெள்ளைச் சோற்றை அதிகமாக்கினால் இரத்தச் சர்க்கரை கூடும். தட்டில் பாதியைக் காய்கறிக்கும் பழத்துக்கும் ஒதுக்குங்கள். கால் பங்கு பருப்பு, மீன், முட்டை போன்ற புரத உணவு. மீதிக் கால் பங்கில் பழுப்பரிசி, தினை, சாமை ஆகியவற்றில் ஒன்று. கேழ்வரகைக் கூழாகக் குடிப்பதைவிட, காய்கறி சேர்த்த அடையாக அளவோடு சாப்பிடுவது நல்லது.

வெளியில் சாப்பிடும்போது

பொட்டல உணவுக்கு லேபிள் உண்டு. உணவங்காடிக் கடையில் சுடச்சுடக் கிடைக்கும் உணவுக்கு லேபிள் இல்லை. அங்கே நீங்கள் கேட்கும் கேள்விதான் லேபிள்.

தேக்கா நிலையத்திலோ லிட்டில் இந்தியா உணவகத்திலோ தோசை வாங்கினால், அதே கல்லில் ரவா தோசையோ பரோட்டாவோ சுடுகிறார்களா என்று கேளுங்கள். சாம்பாரின் பெருங்காயத்தைப் பற்றியும் கேளுங்கள். பதில் உறுதியாகத் தெரியாவிட்டால், வெறும் சோறு, தயிர், மாவோ பெருங்காயமோ சேர்க்காத காய்கறிப் பொரியல் ஆகியவை பாதுகாப்பானவை.

சைனாடவுனில் இன்னும் கவனம் தேவை. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குச் சென்றுவிட்டு, ஸ்மித் ஸ்திரீட்டில் உள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸிலோ மேக்ஸ்வெல் உணவு நிலையத்திலோ சாப்பிடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அரிசி உணவுகள் நிறைய உண்டு. எனினும் இவற்றை நினைவில் வையுங்கள்:

• சோயா சாஸ்: பெரும்பாலும் சோயாவுடன் கோதுமையும் சேர்த்தே புளிக்க வைக்கப்படுகிறது. சிப்பிச் சாஸிலும் கோதுமை இருக்கலாம். குவே தியாவ் அரிசியில் செய்யப்படுவதுதான்; அதை வறுக்கும்போது ஊற்றும் கறுப்பு சாஸில்தான் சிக்கல்.
• சைவ ‘இறைச்சி’: சீனச் சைவக் கடைகளில் கிடைக்கும் போலி வாத்து, போலிக் கோழி போன்றவற்றில் பல, கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டனிலேயே செய்யப்படுபவை. சைவம் என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள்.
• நூடல்ஸ் வேகவைக்கும் தண்ணீர்: பீ ஹூன் அரிசியில் செய்யப்பட்டாலும், மஞ்சள் மீ வெந்த அதே தண்ணீரில் வேகவைத்திருக்கலாம். மீ சுவா கோதுமையில் செய்யப்படுவது.
• மீன் உருண்டை, பொரித்த மீன், போப்பியா: இவற்றில் கோதுமை மாவு இருக்கலாம்.
• பசையரிசி: ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘குளூட்டன்’ என்பதுபோல் ஒலித்தாலும் இதில் குளூட்டன் இல்லை. வெந்ததும் ஒட்டுவதால் வந்த பெயர் அது.

சாஸ் ஊற்றாத வெறும் சோறு, தனிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்த முட்டை அல்லது மீன், பழம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். கூட்டம் குறைந்த நேரத்தில் சென்றால், கடைக்காரருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும்.

எப்படிக் கேட்பது?

‘குளூட்டன்’ என்ற சொல் பலருக்குப் பழக்கமில்லை. பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கீழே உள்ளதை ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சீனமும் மலாயும் நன்கு தெரிந்த அண்டைவீட்டாரிடமோ சக ஊழியரிடமோ சொல்லி, அந்த மொழிகளிலும் எழுதி வாங்குங்கள்.

“எனக்கு ஒரு குடல் நோய் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை கொஞ்சம் சேர்ந்தாலும் உடல்நலம் கெடும். மாவு, சோயா சாஸ், சிப்பிச் சாஸ் சேர்க்காமல் சமைக்க முடியுமா? கழுவிய வாணலியும் கரண்டியும் பயன்படுத்த முடியுமா?”

“முடியாது” என்று ஒருவர் சொன்னால், அது நேர்மையான பதில். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

உறவினர் வீட்டில் கேட்பதுதான் பலருக்கு இன்னும் கடினம். “ஒரு வாய் கேசரி சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது” என்று அன்பாக வற்புறுத்துவார்கள். விருந்துக்கு முதல் நாளே தொலைபேசியில் பேசிவிடுங்கள். “அத்தை, எனக்குச் சோறும் தயிரும் போதும். நான் ஜவ்வரிசிப் பாயசம் செய்து கொண்டுவருகிறேன், எல்லாரும் சாப்பிடலாம்” என்று சொன்னால் யார் மனமும் நோகாது. சமைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர் மறுப்பது உங்கள் சமையலை அல்ல. மறுபடி வற்புறுத்தாமல் இருப்பதே நீங்கள் செய்யும் பெரிய உபசரிப்பு.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

1. வீட்டில் அரைத்த மாவில் சுட்ட தோசை, கடைச் சாம்பார். எதைப் பற்றி விசாரிக்க வேண்டும்?
2. சைவ பீ ஹூன், மேலே போலி வாத்து. சாப்பிடலாமா?
3. களைப்பும் வயிற்று உப்புசமும் இருக்கின்றன. இன்றே கோதுமையை நிறுத்தலாமா?

விடைகள்: 1. சாம்பாரைப் பற்றி, அதில் கூட்டுப் பெருங்காயம் இருக்கலாம். 2. கூடாது, போலி வாத்து கோதுமைக் குளூட்டனாக இருக்கலாம், பீ ஹூனில் சோயா சாஸும் இருக்கலாம். 3. வேண்டாம், முதலில் மருத்துவரைப் பார்த்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உணவு மாற்றத்தைத் தொடங்கியதும் ஓர் உணவியல் நிபுணரைச் சந்தியுங்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதை ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்தும் பெருங்காயம், மசாலாத் தூள், சாஸ் ஆகியவற்றின் லேபிள்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். மறைந்திருக்கும் கோதுமையைக் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும்.