கடன் வாங்கப் போகிறீர்களா? உப்பளக்கரைக் குடும்பங்களுக்கு சிபில் குறிப்புகள்

பான் எண்ணைத் தட்டியதும் வங்கிக் கணினியில் நம் கடன் வரலாற்றைக் காட்டும் மதிப்பெண்ணாக, 300-க்கும் 900-க்கும் நடுவில் ஓர் எண் வந்து நிற்கிறது. ஊரில் எல்லோரும் அதை 'சிபில்' என்கிறார்கள். அதைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகள் மாதச் சம்பளக்காரர்களுக்குப் பொருந்தும். இடையஞ்சாவடியிலிருந்து மரக்காணம் வரை உள்ள குடும்பங்களின் நிலைமை வேறு. மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை கிடையாது, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. தவணைத் தேதி மட்டும் அப்படியே வந்து நிற்கும். அதை மனதில் வைத்தே இந்தக் குறிப்புகள்.

1. இந்த எண் எவ்வளவு முக்கியம்? வீட்டுக்கடன், வண்டிக்கடன், அடமானம் இல்லாத தனிநபர் கடன் மூன்றுக்கும் மிக முக்கியம். குறைந்தபட்சம் இவ்வளவு இருந்தே ஆகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்த அளவையும் வைக்கவில்லை; அது அந்தந்த வங்கியின் முடிவு. 750-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பேச்சு சுலபமாக முடியும். மதிப்பெண் குறைந்தால் கடனே கிடைக்காது என்பதில்லை, வட்டி கூடலாம். அந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. 10 லட்சம் ரூபாய் வீட்டுக்கடனை 20 வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 8.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 8,678 ரூபாய், 9.5 சதவீதத்தில் சுமார் 9,321. கடைசித் தவணை கட்டும்போது ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும்.

2. இதுவரை கடனே வாங்காதவர் பயப்பட வேண்டாம். அவர்களுக்கு மதிப்பெண் இருக்காது, அறிக்கையில் -1 என்று காட்டும். அது கெட்ட மதிப்பெண் இல்லை. முதல்முறை கடன் கேட்பவரை, பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. 2025-ல் மத்திய நிதியமைச்சகம் நாடாளுமன்றத்திலும் இதைச் சொல்லியிருக்கிறது. கிளையில் மறுத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

3. மதிப்பெண் போடும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். 2017 முதல் இது விதி. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறைவைத்துக் கேட்டால் வருடம் முழுக்கச் செலவில்லாமல் கண்காணிக்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பான் எண்ணும் கைபேசியும் கையில் இருக்கட்டும்.

4. அறிக்கை வந்ததும் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே, மாத வாரியாகச் சின்னக் கட்டங்கள் இருக்கும். 36 மாதம் வரை. கட்டத்தில் 000 என்றால் அந்த மாதத் தவணை நேரத்துக்குப் போய்விட்டது. 030 என்றால் 30 நாள் தாமதம், 060 என்றால் 60 நாள். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். கடைசியில் கடனை முழுக்க அடைத்திருந்தாலும், இடையில் தாமதமான மாதங்கள் அந்தக் கட்டங்களில் அப்படியே நிற்கும். "எல்லாத்தையும் கட்டிட்டேனே, அப்புறம் ஏன் கிடைக்கல?" என்று கேட்பவர்களுக்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

5. வேலையில்லாத மாதங்களுக்கு முன்கூட்டியே தவணை சேருங்கள். இந்தக் கரைக்கு இதைவிட முக்கியமான குறிப்பு வேறில்லை. உப்பளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி நின்றுபோகும். அந்த மாதங்களுக்காக அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். மீனவக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கட்டத்தில் 030 விழுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். மாதத் தவணை 3,000 ரூபாய் என்றால் மழைக்கால மூன்று மாதத்துக்கு 9,000 வேண்டும். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை மாதம் 1,000 ரூபாய் தபால் நிலையத்திலோ வங்கியிலோ தனிக் கணக்கில் போட்டுவந்தால் அந்தத் தொகை சேர்ந்துவிடும். வீட்டுச் செலவு போகும் கணக்கில் போட்டால் நிற்காது. கடன் வாங்கும்போதே, "எங்களுக்கு இந்த மூன்று மாதம் வருமானம் இல்லை, தவணையை அதற்கு ஏற்றபடி போட முடியுமா?" என்று கேட்டுப்பாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இன்னொன்று: தவணை தானாகக் கழியும் கணக்கில், தேதிக்கு முந்தைய நாளே பணம் இருக்கட்டும். காலையில் கழிக்கப் பார்த்துப் பணம் இல்லையென்றால், நீங்கள் மாலையில் போட்டாலும் பவுன்ஸ் ஆனது பவுன்ஸ்தான். அதற்குத் தனி அபராதமும் உண்டு.

6. குழுக்கடன் எடுக்கும் பெண்களுக்கு. குழுவில் எடுத்தாலும் கடன் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகத்தான் பதிவாகிறது. கணவரின் பைக்குக்கோ, மைத்துனரின் வலைக்கோ உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்தால், டியூ தவறும்போது கெடுவது உங்கள் மதிப்பெண். நாளைக்கு மகளின் படிப்புக்காக நீங்கள் வங்கியில் உட்காரும்போது, அந்தப் பணத்தைச் செலவழித்தது யார் என்று கணினிக்குத் தெரியாது. அதனால் கொடுக்கும் முன் யோசியுங்கள்; மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு குழுக்கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்வதுதான் பல வீடுகளை மூழ்கடிக்கிறது. வருட வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு இப்படிப்பட்ட நுண்கடன் கொடுக்கும்போது, அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் உள்ள விதி. "பரவாயில்லை, இன்னொண்ணு எடுங்க" என்று யாராவது வற்புறுத்தினால் இதை நினைவில் வையுங்கள். நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது. கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது.

7. நகைக்கடன் கிடைக்க மதிப்பெண் பெரிதாகத் தேவைப்படாது, நகையே பிணை. ஆனால் அதுவும் அறிக்கையில் ஏறும். வட்டி கட்டாமல் விட்டு நகை ஏலத்துக்குப் போனால் நகையும் போய், மதிப்பெண்ணும் போகும். மீட்கும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

8. பழைய கடனை "பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்று கூப்பிட்டால் அவசரப்படாதீர்கள். அப்படி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்து கடன் தருபவர் அதைக் கண்டால் தயங்குவார். முடிந்தவரை முழுதாக அடைத்து 'குளோஸ்டு' என்று பதிவாகச் செய்யுங்கள். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் செட்டில்மென்ட். எதுவானாலும் நிலுவை இல்லை என்ற சான்றைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

9. ஜாமீன் கையெழுத்து உங்கள் கடன் மாதிரியேதான். பங்காளி கட்டாவிட்டால் உங்கள் அறிக்கையில் கறை விழும். போட்டுவிட்டீர்கள் என்றால், அவர் தவணை கட்டுகிறாரா என்று மாதாமாதம் கேட்பதில் கூச்சப்படாதீர்கள்.

10. ஒரே மாதத்தில் ஐந்தாறு இடத்தில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விசாரிப்பும் பதிவாகும். கைபேசிச் செயலிகளில் "எவ்வளவு கிடைக்கும்னு பார்க்கலாம்" என்று விளையாட்டாகத் தட்டுவதும் இதில் சேரலாம்.

11. மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குபவர்கள் கவனத்துக்கு: 2025-ல் சிபில் பார்க்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்து, விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். மதிப்பெண்ணைக் காரணம் காட்டிப் பயிர்க்கடனை மறுக்க மாட்டோம் என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கல்விக்கடனிலும், மாணவரின் குறைந்த சிபில் மதிப்பெண்ணை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது.

12. வங்கி வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள். மோசமான கடன் வரலாறு காரணமாக ஸ்டேட் வங்கி ஒருவரது நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவணையில் வாங்கிய கைபேசிக்குப் பணம் கட்ட மறப்பதுகூட அந்த வரலாற்றில் ஏறும்.

13. அறிக்கையில் தவறு இருந்தால் விட்டுவிடாதீர்கள். நீங்கள் வாங்காத கடன், அடைத்த பிறகும் நிலுவை காட்டும் கடன், உங்கள் பெயருள்ள வேறொருவரின் கணக்கு எல்லாம் வரத்தான் செய்கின்றன. கடன் தந்த நிறுவனத்துக்கும் மதிப்பெண் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழிமுறை கேட்க 14448-க்கு அழையுங்கள். "சிபிலை ஏத்தித் தரேன்" என்று இரண்டாயிரம் மூவாயிரம் கேட்பவர்களிடம் பணத்தையும் ஓடிபியையும் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்யக்கூடிய நியாயமான வேலை இந்தப் புகார் ஒன்றுதான். அதை நீங்களே காசில்லாமல் செய்யலாம்.