ஃபங்ஷனுக்குள் எட்டாத ட்ராப்

கேள்வி: கோப்புகளைப் பிரதியெடுக்க பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். பிழை வந்தால் வரி எண் காட்டும்படி தொடக்கத்திலேயே 'எர்' ட்ராப் வைத்தும், ஃபங்ஷனுக்குள் நேரும் பிழை பிடிபடவில்லையே, ஏன்?
– வாசகர், அண்ணாகிராமம்

பதில்: பாஷின் இயல்பே அதுதான். வெளியே வைத்த 'எர்' ட்ராப்பை ஃபங்ஷன்கள் தாமாக ஏற்பதில்லை. ஃபங்ஷனின் நடுவில் பிரதியெடுப்பு தோற்று, கடைசிக் கட்டளை வென்றுவிட்டால் ஃபங்ஷன் முழுவதுமே வெற்றி என்று கணக்காகிவிடும். காப்புப் பிரதி எடுப்பவருக்கு இதைவிட ஆபத்தான மௌனம் கிடையாது.

2004-இல் வந்த பாஷ் 3.0 இதற்கு வழி தந்தது. ஸ்கிரிப்டின் தலையில் 'செட்' கட்டளையுடன் ஹைஃபனும் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஈ'யும் சேர்த்தால் போதும். ஃபங்ஷன்களும் சப்ஷெல்களும் 'எர்' ட்ராப்பைப் பெறும். சிறிய 'ஈ' வேறு: அது பிழை கண்டதும் ஸ்கிரிப்டையே நிறுத்தும். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஓடும் 'டீபக்' ட்ராப்பும், 'ரிட்டர்ன்' ட்ராப்பும் ஃபங்ஷனுக்குள் எட்டப் பெரிய 'டீ' தேவை.

ட்ராப்பின் கட்டளையை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவது அவசியம். இரட்டை மேற்கோள் போட்டால், பிழை நேர்ந்த வரிக்குப் பதில் ட்ராப் வைத்த வரியின் எண்ணே வரும்.

இவற்றைச் செய்தபின்பும், 'இஃப்' நிபந்தனைக்குள் தோற்கும் கட்டளைக்கு 'எர்' அசையாது.

ஸ்கிரிப்டை எந்த ஷெல் ஓட்டுகிறது என்பதும் முக்கியம். எடுத்துக்காட்டாக, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் 'எஸ்ஹெச்' என்றால் பாஷ் அல்ல, டேஷ் என்ற வேறொரு ஷெல். அதில் 'எர்' ட்ராப்பே கிடையாது. ஆகவே முதல் வரியில் பாஷ் என்றே குறிப்பிட வேண்டும்.