கேஸ் ஏன் தரையில் தங்குகிறது?



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: “கேஸ் வாடை வந்தா ஜன்னலைத் திறந்தா போதாதா? கதவையும் திறக்கணும்னு ஏன் சொல்றாங்க?” எங்களில் யாருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் உறுப்பினர்களுக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

எல்லாம் ஒரே குடும்பம்

அடுப்பில் எரியும் கேஸ், மண்ணெண்ணெய், வண்டிக்குப் போடும் பெட்ரோல், டீசல், கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவத்தி எல்லாவற்றிலும் முக்கியமாக இருப்பது இரண்டே பொருள்கள்தான். ஒன்று கார்பன், அதாவது சட்டியின் அடியில் பிடிக்கிறதே, அந்தக் கரி. இன்னொன்று ஹைட்ரஜன். அதனால் இவற்றை ஹைட்ரோகார்பன் என்கிறார்கள்.

கார்பனுக்கு நாலு கை, ஹைட்ரஜனுக்கு ஒரே கை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார்பன் நாலு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டால் மீத்தேன். இரண்டு கார்பன் கைகோத்துக்கொண்டு, மீதிக் கைகளில் ஆறு ஹைட்ரஜனைப் பிடித்தால் ஈத்தேன். மூன்று கார்பன் சேர்ந்தால் புரொப்பேன், நான்கு சேர்ந்தால் பியூட்டேன். இப்படிச் சங்கிலியாக வளரும் குடும்பத்துக்கு ஆல்கேன் என்று பெயர்.

சங்கிலி நீள நீள குணம் மாறும். நான்கு கார்பன் வரை வாயு. ஐந்திலிருந்து திரவம். பெட்ரோலில் குட்டைச் சங்கிலிகள், மண்ணெண்ணெயில் அதைவிட நீளமானவை, டீசலில் இன்னும் நீளமானவை. இருபதுக்கு மேல் போனால் மெழுகு போல இறுகிவிடும்.

கதவை ஏன் திறக்க வேண்டும்?

சாண எரிவாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன்தான். நம் சிலிண்டரில் இருப்பதோ புரொப்பேனும் பியூட்டேனும். காற்றின் எடையை 29 என்று வைத்தால் மீத்தேன் 16, புரொப்பேன் 44, பியூட்டேன் 58. ஆகவே கசியும் சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. தண்ணீர் போலத் தரையில் பரவி, பள்ளத்திலும் சாக்கடையிலும் தங்கும். ஜன்னல் இடுப்புக்கு மேலே இருக்கிறது. தரை வரைக்கும் திறப்பது கதவுதான். அக்காவின் கேள்விக்கு இதுதான் பதில்.

இந்த கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்ற மருந்தைக் கலக்கிறார்கள்.

சிலிண்டரைப் படுக்க வைக்கலாமா?

“தீரப்போகுது, படுக்க வெச்சா இன்னும் ரெண்டு நாள் வரும்” என்று சொல்கிறோம். செய்யவே கூடாது. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ், அழுத்தத்தால் திரவமாக இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் மேலே உள்ள வாயு மட்டும் வெளியே வரும். படுத்தால் திரவமே வரும். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு வாயுவாக விரியும். அடுப்பில் தீ பெரிதாகச் சீறிவிடும்.

மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்தால்?

குட்டைச் சங்கிலி சுலபமாக ஆவியாகும். பெட்ரோலின் ஆவி தூரத்தில் இருக்கும் நெருப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் சாதாரணச் சூட்டில் அவ்வளவு ஆவியாகாது. அதனால்தான் திரியில் அடங்கி எரிகிறது. அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்திருந்தாலும் அடுப்பு வெடிக்கலாம். வாடையில் சந்தேகம் இருந்தால் ஊற்றாதீர்கள். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதும் ஆபத்து, சூட்டில் மண்ணெண்ணெயும் ஆவியாகும்.

தீயின் நிறத்தைப் பாருங்கள்

காற்று போதுமான அளவு கிடைத்தால் கேஸ் நீலமாக எரியும். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். பர்னர் ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள். அரைகுறையாக எரியும்போது வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். மூடிய அறையில் உயிரையே எடுத்துவிடும்.

கேஸ் வாடை வந்தால்

1. ரெகுலேட்டரை மூடுங்கள். எரியும் விளக்கு, ஊதுவத்தியை அணையுங்கள்.
2. எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிறு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.
3. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள்.
4. வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும். மணலைக் கொட்டுங்கள்.

குழுவில் பேசுவோம்

நம் வீட்டில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறதா? அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கிறதா? ரப்பர் டியூபில் வெடிப்பு உண்டா? இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் பார்த்ததைச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை மூட வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நாம் கூட்டத்துக்கு வந்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே!