வெளியூர் செல்லும் நோயாளியும் உடன் செல்ல வேண்டிய சிகிச்சையும்

காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் காசநோய்ப் பணியை ஏற்கவிருக்கும் இளம் மருத்துவருக்கு,

காவிரிப் பாசனத்தின் கடைமடையில் வீராணம் ஏரியை நம்பி நிற்கும் இவ்வட்டத்தில், சம்பா அறுவடையும் உளுந்து எடுப்பும் முடிந்தபின் மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும்வரை வயலில் வேலை அரிது. அம்மாதங்களில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சென்னையின் கட்டட வேலைகளுக்கும் புறப்படுவோர் உண்டு. லால்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்வதோ பல ஆண்டுகளாகவே வழக்கம். ஆகவே சிகிச்சை பெறும் நோயாளி ஆறு மாதமும் ஒரே முகவரியில் இருப்பார் என்று எண்ணித் திட்டமிடும் மருத்துவர் ஏமாற்றமே அடைவார். பயணிகளிடையே காசநோய் பரவாமல் தடுப்பது என்றால் பயணத்தையே தடுப்பது என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். பிழைப்புக்காகப் போகிறவரைத் தடுக்க எவராலும் இயலாது; அவருடன் சிகிச்சையும் சேர்ந்து போகும்படி செய்வதே இயலக்கூடியது.

நோய் எங்கே தொற்றுகிறது என்பதில் தெளிவு வேண்டும். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது வெளிப்படும் நுண்துளிகளில் கிருமி மிதக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் அது பல மணி நேரம் தங்கும். எத்தனை நேரம், எவ்வளவு அடைசலான இடத்தில் சேர்ந்திருந்தார்கள் என்பதே ஆபத்தின் அளவுகோல். பரப்பும் நிலையில் உள்ள எவரும் விமானத்தில் ஏறக்கூடாது என்று கூறும் உலக சுகாதார நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டு வழிகாட்டி, ஏறிவிட்டால் சகபயணிகளைத் தேடிச் சோதிப்பதை எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட பயணங்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறது. அதிலும் நோயாளி அமர்ந்த வரிசையையும் அதன் முன்னும் பின்னும் உள்ள இரண்டிரண்டு வரிசைகளையும் கவனித்தால் போதும் என்கிறது. சென்னையிலிருந்து துபாய் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். சிதம்பரத்திலிருந்து சென்னை செல்லும் சாதாரணப் பேருந்திலோ சன்னல்கள் திறந்திருக்கும். பயணத்தைவிட, போய்ச் சேர்ந்த இடத்தில் பலர் மாதக்கணக்கில் ஒன்றாகப் படுத்துறங்கும் தொழிலாளர் அறையும் கட்டட வேலை நடக்குமிடத்துத் தகரக் கொட்டகையுமே கவலைக்குரியவை.

ஒதுக்கிவைப்பதைவிட மருந்தே பரவலைத் தடுக்கிறது என்பதற்கு அடிப்படையான சான்று சென்னையிலேயே கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. நெருக்கமான வீட்டில், குறைந்த உணவுடன் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். அவர்களது குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959 முதல் வெளியான இம்முடிவுகள் உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தன. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்கிறது, பொருத்தமான மருந்து தொடங்கியதும் பரவும் ஆற்றல் விரைந்து குறைகிறது என்பதே இதன் பாடம். வெளியூர் செல்வோருக்கும் இது பொருந்தும்: சீக்கிரம் கண்டுபிடிப்பதும் மருந்தை விடாமல் தொடர்வதும் எந்த ஒதுக்கிவைப்பையும்விடப் பெரிய தடுப்பு.

சீக்கிரம் கண்டுபிடிக்க, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்புகிறவர்கள் தங்கும் சில நாள்களே வாய்ப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகியவற்றுடன் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: கடந்த ஓராண்டில் எங்கெல்லாம் தங்கினார், அடுத்து எப்போது கிளம்புகிறார். சளி மாதிரியைக் கேட்டால் பலர் வாயிலுள்ள எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுவார்கள். மூச்சை இரண்டு மூன்று முறை ஆழ இழுத்து, அடிநெஞ்சிலிருந்து காறி எடுத்த கெட்டிச் சளியே சோதனைக்கு உதவும், அதையும் திறந்த வெளியில் எடுப்பதே நல்லது. கிருமியின் மரபணுவைக் கண்டறியும் ட்ரூநாட் போன்ற சோதனைகள் சில மணி நேரத்திலேயே நோயையும், ரிஃபாம்பிசின் என்னும் முதன்மை மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடுவதால், பேருந்து ஏறுமுன் முடிவைக் கையில் கொடுக்க முடியும்.

அடுத்தது ஒப்படைப்பு. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், பின் நான்கு மாதம் மூன்று மருந்துகளும் நாள்தோறும் தரப்படுகின்றன. மாத்திரைகளின் எண்ணிக்கை உடல் எடையைப் பொறுத்தது என்பதால், 35 முதல் 49 கிலோ வரை மூன்றும் 50 முதல் 64 கிலோ வரை நான்கும் என மாறும் கணக்கைச் சேரும் ஊரின் ஊழியரும் அறிந்திருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவான நிக்‌ஷய் பதிவு எண், நோயாளியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தர உதவுகிறது. ஆனால் கணினியில் மாற்றிவிட்டால் மட்டும் ஆள் போய்ச் சேர்ந்துவிட மாட்டார். சேரும் ஊரின் காசநோய் மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் பேசி, நோயாளியையும் அந்தப் பேச்சிலேயே சேர்த்துவிட வேண்டும். மாத்திரை அட்டைகள், பதிவு எண், நிக்‌ஷய் உதவி எண் 1800-11-6666 ஆகிய மூன்றும் அவர் பையில் இருப்பதை நேரில் பார்த்து அனுப்புவது நல்லது. 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்த ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்கில் சேர்வதால், எந்த ஊரிலும் அதைப் பெறலாம். எனினும் எல்லோரையும் பயணத்துக்கு அனுப்பிவிடலாகாது. எழுந்து நிற்க முடியாதவர், மிகவும் மெலிந்தவர், மூச்சு வாங்குபவர் ஆகியோரைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லும் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. சிதம்பரத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் இருப்பது இத்தகையோருக்கு வசதி.

வளைகுடா செல்வோரிடம் பேசுவதில் கூடுதல் பக்குவம் வேண்டும். வேலை விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம் என்பதால், நோய் தெரிந்தால் கனவு கலைந்துவிடும் என்ற அச்சத்தில் இருமலை மறைப்போர் உண்டு. மருத்துவரும் விசா அதிகாரி போல் நடந்துகொண்டால் அந்த மறைப்பு உறுதிப்படும். கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்வது அவருக்கே லாபம் என்று எடுத்துச் சொல்வதும், முழுச் சிகிச்சை முடித்த சான்றைப் பத்திரப்படுத்தச் சொல்வதும், செய்தி தெருவுக்குப் போகாமல் காப்பதும் நம்பிக்கையை வளர்க்கும்.

தொடர்பில் இருந்தோரின் பட்டியல் ஊரிலும் வேலையிடத்திலுமாக இரண்டு இடங்களில் எழுதப்பட வேண்டும். விடுமுறைக்கு வந்தவர் அருகில் படுத்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் முதிய பெற்றோருக்கும் பரிசோதனையும், தேவையெனில் நோய்த்தடுப்பு மாத்திரையும் தர வேண்டும். உடன் தங்கிய தொழிலாளர் விவரம் அந்த மாவட்டத்துக்குச் சேர வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்குக் கூடுதல் உணவு கொடுத்ததால் அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. வீட்டில் அடுப்பெரிகிறதா என்று கேட்பதும் மருத்துவரின் வேலையே.

பதிவேட்டில் ‘வெளியூர் சென்றார்’ என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுவது மிக எளிது. நோய் பரவுவதற்கும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாவதற்கும் அந்த ஒற்றை வரியே வழிவிடுகிறது. எந்த ஊர், அங்கே யார் பொறுப்பு, அடுத்த மாத்திரை அட்டை எந்த நாளில் வாங்க வேண்டும் என்ற மூன்றும் எழுதப்படும்வரை அவ்வரியில் கையொப்பமிட வேண்டாம் என்பதே இளம் மருத்துவரிடம் வைக்கப்படும் வேண்டுகோள்.