கிளவுட் எடுக்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பில் போடுகிறோம், கணக்கு எழுதுகிறோம். "எல்லாவற்றையும் கிளவுடில் வைத்து விடுங்கள்" என்கிறார்கள். அமேசானா, மைக்ரோசாப்டா, கூகுளா, ஜோஹோவா? எதை எடுப்பது?

கிளவுட் என்பது வேறொன்றும் இல்லை. வேறொருவரின் டேட்டா சென்டரில் உள்ள கம்ப்யூட்டரை இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுப்பதுதான். வீடு பார்ப்பது போலத்தான் இதுவும். நம் தேவை தெரியாமல் போனால் புரோக்கர் காட்டும் வீடுதான் கிடைக்கும்.

நான் செய்த தவறு

வல்லம் வடகால் சிப்காட் பகுதியில் 2017-ல் ராயல் என்பீல்டு தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து ஓரகடம் வரை வாகனத் தொழிலை நம்பிப் பல சிறு பட்டறைகள் நடக்கின்றன. அப்படி ஒரு பட்டறை என் மாமாவுடையது. மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரே ஷிப்ட்.

சாப்ட்வேர் என்ஜினியர் ஆயிற்றே என்று என்னிடம் யோசனை கேட்டார். நானும் பெரிய நிறுவனம் ஒன்றில் சர்வர் வாடகைக்கு எடுத்து, பில்லிங் சாப்ட்வேரை அதில் போட்டேன். பாதுகாப்புக்காக, ஆபீஸ் இன்டர்நெட் இணைப்பிலிருந்து மட்டுமே உள்ளே வர முடியும்படி அமைத்தேன்.

ஒருநாள் ரோடு தோண்டியதில் பைபர் கேபிள் அறுந்தது. சரக்கு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கிறது. பில் இல்லாமல் கிளம்ப முடியாது. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தார்கள். சர்வர் உள்ளே விடவில்லை. நானோ சென்னையில் மீட்டிங்கில் இருந்தேன், போனை எடுக்கவில்லை. நான்கு மணி நேரம் போயிற்று. அந்த நேரம் முழுவதும் கிளவுட் சர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக் கொண்டிருந்தது!

"எனக்கு என்ன வேணும்னு நீ கேக்கவே இல்லையே மாப்ளே" என்றார் மாமா. அன்று இரவு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதியவைதான் இந்தக் கேள்விகள்.

1. எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும்?

பில்லிங் அரை மணி நேரம் கூட நிற்கக் கூடாது. பழைய டிராயிங்குகள் ஒருநாள் கழித்துக் கிடைத்தாலும் போதும். ஆகவே இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு தேவையில்லை. விளம்பரத்தில் 99.9 சதவீதம் என்று இருந்தால், 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். அதில் உங்கள் இன்டர்நெட் இணைப்பு சேராது.

2. எவ்வளவு டேட்டா போனால் தாங்கும்?

கிளவுடில் இருப்பதாலேயே பைல் பத்திரம் என்று நினைக்காதீர்கள். 2021 மார்ச் 10-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. தனியாக பேக்கப் வைக்காத பலர் டேட்டாவை நிரந்தரமாக இழந்தார்கள். சிங்க் என்பதும் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். பழைய வெர்ஷனை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள்.

3. டேட்டா எவ்வளவு?

மாமாவின் டிராயிங்குகள் 200 ஜிபி. அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் ஏற்றி முடிக்க சுமார் 44 மணி நேரம் ஆகும். திரும்ப எடுக்க எவ்வளவு நேரம் ஆகும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் பாருங்கள். பல சர்வீஸ்களில் ஏற்றுவது இலவசம், இறக்குவதற்குத்தான் காசு.

4. எந்த ஊரில் இருக்கிறது?

அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத், மைக்ரோசாப்டுக்கு சென்னை, புனே, கூகுளுக்கு மும்பை, டெல்லி, ஜோஹோவுக்கு மும்பை, சென்னை என்று இந்தியாவிலேயே டேட்டா சென்டர்கள் உள்ளன. உங்களுடையது பிரைவேட் லிமிடெட் கம்பெனியா? கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022-ல் விதி திருத்தப்பட்டது. கணக்குத் தொடங்கும்போதே ஊரைச் சரியாகத் தேர்வு செய்யுங்கள்.

5. யார் போன் எடுப்பார்கள்?

இதுதான் நான் மறந்தது. சப்போர்ட் எந்த நேரத்தில் கிடைக்கும், போனிலா ஈமெயிலிலா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். விலகிப் போக நினைத்தால் டேட்டாவை வேறு சாப்ட்வேரில் திறக்கும் வடிவில் தருவார்களா என்பதையும் கேளுங்கள்.

கடைசியில் என்ன செய்தோம்?

சர்வரை விட்டுவிட்டோம். பில்லிங் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே திரும்பியது. மதியமும் மாலையும் கிளவுடுக்கு ஒரு பேக்கப், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு பேக்கப். இடையில் போடும் பில்களுக்கு பிரிண்ட் நகல் உண்டு. இ-வே பில்லுக்கு இன்டர்நெட் வேண்டுமே? வேறு கம்பெனியின் 4ஜி டாங்கிள் ஒன்று மேஜை டிராயரில் இருக்கிறது. டிராயிங்குகளுக்கு கிளவுட் ஸ்டோரேஜ் மட்டும். நாளை இரண்டாவது யூனிட் தொடங்கி, இரு இடத்திலும் ஒரே ஸ்டாக் கணக்கைப் பார்க்க வேண்டி வந்தால் சர்வரைப் பற்றி மறுபடியும் யோசிப்போம்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே கேள்விகள்தான். கூகுள் தரும் இலவச 15 ஜிபி, ஒன்டிரைவ் தரும் 5 ஜிபி உங்கள் சான்றிதழ்களுக்குப் போதலாம், குடும்ப வீடியோக்களுக்குப் போதாது.

கடைசியாக ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் பேக்கப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.